வைகைக் கரைக் கொடிக்கால்

சோழவந்தானில் ரயிலை விட்டு இறங்கி, வைகைப் பாலம் தாண்டித் தென்கரைப் பக்கம் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஓரிடத்தில் சட்டென்று உடம்பு குளிரும். கொடிக்கால் கண்ணில் படும் முன்பே ஈரமண்ணும் வெற்றிலைக் காரமும் கலந்த வாசம் வந்துவிடும்.

"உள்ள லச்சுமி இருக்காப்பா, செருப்ப வரப்புலயே விட்டுட்டு வா" என்று வெற்றிலை கிள்ளுகிற மாமா குரல் கொடுப்பார். வெறுங்காலோடு இறங்கினால் வாய்க்கால் சேறு விரலிடுக்கில் ஏறும். இருபுறமும் அகத்தி நெடுநெடுவென்று நிற்கும். அகத்தியை முதலில் விதைத்து, அது ஓரளவு தலையெடுத்த பிறகுதான் அதன் காலடியில் கொடியை ஊன்றுவார்கள். வெயில் கூடினால் கொடி கருகும், நிழல் கூடினால் இலை சோடை போகும். அதனால் அகத்தியின் தலையை அவ்வப்போது கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். கழித்த தழை வீட்டு மாட்டுக்கு, கீரை நமக்கு. வெள்ளைப் பூவை அம்மா பொரியல் செய்வாள்.

மிளகுக்கும் திப்பிலிக்கும் பங்காளிதான் வெற்றிலை. கணுவுக்குக் கணு வேர்விட்டு அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறும். பற்றிக்கொள்ளுமே தவிர அதன் சாற்றை உறிஞ்சாது. கணுவுக்கு ஒரு இலை, அடிக்காம்பிலிருந்து நுனி நோக்கி வளைந்து ஓடும் நரம்புகள். கிராம்பில் இருக்கிற யூஜினால் இதிலும் இருப்பதால்தான் கசக்கினால் அந்த வாசம். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு என்பார்கள். ஆனால் எங்கள் கொடிக்காலில் பூத்துக் காய்த்து நான் பார்த்ததே இல்லை. விதைக்கு வேலையே கிடையாது. பழைய கொடியில் தண்டை வெட்டி ஊன்றுவதுதான். உயரம் போய் இலை சிறுத்தால், கொடியை இறக்கிச் சுருட்டி அடியில் மண் அணைப்பார்கள். அது மறுபடி வேர் பிடித்துத் துளிர்க்கும். யோசித்துப் பாருங்கள், தாத்தா கிள்ளிய கொடியும் நான் தொட்ட கொடியும் ஒரே உயிர். கை மாறி கை மாறி வந்தது.

கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டிக்கொண்டு மாமா இலை கிள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். காம்போடு ‘டிக்’கென்று ஒரு சத்தம், இலை கைக்குள் இருக்கும். அந்தச் சத்தம் வரிசை வரிசையாக நகர்ந்து போகும். அப்புறம் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து இளசும் முற்றலும் பிரித்து அடுக்குவார்கள். நூறு இலை ஒரு கவுளி. எண்ணுகிற வாய் ஊர்க்கதையும் பேசும், ஆனால் எண்ணிக்கை பிசகாது.

வீட்டில் வெற்றிலை இல்லாத நாள் உண்டா? குழந்தைக்குச் சளி கட்டினால் இலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, சூடு பொறுக்கிற பதத்தில் நெஞ்சில் போடுவாள் அப்பத்தா. அவளுக்கோ பல் இல்லை. சாப்பாடானதும் காம்பையும் நுனியையும் கிள்ளிப் போட்டு, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு சின்ன உரலில் இடிப்பாள். மத்தியானத் தூக்கமே அந்த ‘டொக் டொக்’கில்தான் வரும். நிச்சயம் என்றால் தாம்பூலம் மாற்றுவது, சண்டைக்காரனைச் சமாதானத்துக்குக் கூப்பிடுவது, வாத்தியாரிடம் பிள்ளையைச் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் முதலில் தட்டில் விழுவது நம் ஊர் இலை.

அப்பத்தா போய்விட்டாள். மாமாவும் இல்லை. அவர் பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வாடல் நோய் விழுந்த கொடி தரையோடு அழுகிக் கறுத்துப்போகும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஊன்ற எத்தனை பேருக்கு மனசு வரும்? 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது. ஊருக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் கொடிக்கால் தென்னந்தோப்பாகிவிட்டது. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று பக்கத்து நிலத்துச் சித்தப்பாவிடம் கேட்டேன். அகத்தி விதை வீட்டிலேயே கிடக்கிறது, ஊன்றுவதற்குத் தண்டைத்தான் வேறு ஊரில் போய் விலைக்கு வாங்க வேண்டும் என்றார்.