லயத்து வாசலில் ஒரு பிடி சோறு

ஹற்றன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களுக்குப் போனால், லயத்து வாசல்களில் நாய்கள் படுத்திருப்பதைக் காணலாம். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடினால் அவைதான் குரைத்து எச்சரிக்கும். தனியே வீடு காக்கும் பெண்களுக்கு அந்தக் குரைப்பின் பெறுமதி தெரியும்.

அவற்றுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் மிஞ்சிய ரொட்டியும் சம்பலும்தான். சம்பலிலுள்ள மிளகாய் நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தரும். அதைவிடக் கெடுதியானவை வெங்காயமும் உள்ளியும். பச்சையாயினும் சமைத்ததாயினும் அவை நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கின்றன. சோர்வு, வெளிறிய முரசு, கபில நிறச் சிறுநீர் ஆகியன சில நாட்கள் கழித்தே தெரியும். கண்டால் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதற்கு வேறு செலவில்லை, சகோதரிகளே. கறியும் சம்பலும் கலக்குமுன் வெறும் சோற்றில் ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும்.