செகண்ட் ஹேண்ட்ல ஒரு பாய்மரப் படகு

வேங்கிக்கால்ல உட்கார்ந்துகிட்டு பந்தயப் படகு பத்தி எழுதினா சிரிப்பீங்கன்னு தெரியும். எங்க ஊர் ஏரியில மழை பெஞ்சா தண்ணி நிக்கும், கொக்கு வரும், அவ்ளோதான். ஆனா நம்ம தொழில் ஃபைபர். தண்ணித் தொட்டி, பாத்ரூம் கதவு, கூரை ஷீட்டுன்னு இருபது வருஷமா ரெசின் நாத்தத்துலயே வாழுறவன். அதனாலதான் சென்னையிலேருந்து அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, பாப்பாவுக்குப் படகு வாங்கணும்டா. நீ வந்து ஒரு தடவ தட்டிப் பார்த்துச் சொல்லு."

பாப்பா இத்தனை நாளா ஓட்டினது ஆப்டிமிஸ்ட். ஏழரை அடியில குளிக்கிற தொட்டி மாதிரி இருக்குமே, அது. 15 வயசு ஆகுற வருஷத்தோட அதுல போட்டி போடுறது முடிஞ்சுது. அடுத்து லேசர். 2019லேருந்து அதுக்கு ஐ.எல்.சி.ஏ.ன்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா வாய்ல வர்றது லேசர்தான்.

ப்ரூஸ் கிர்பின்னு ஒரு கனடாக்காரர் 1969ல வரைஞ்ச படகு. 14 அடிக்குக் கொஞ்சம் கம்மி, வெறும் உடம்பு 59 கிலோ. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், உடம்பு ஒண்ணேதான். மாஸ்ட்டோட கீழ்த்துண்டையும் பாயையும் மாத்தினா 4, 6, 7ன்னு மூணு பிரிவு. பாய் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். இன்னைக்கு 52 கிலோ பாப்பா 4ல ஓட்டலாம், நாளைக்கு உடம்பு போட்டா அதே படகுல 6க்குப் போகலாம். நேத்ரா குமணன் டோக்கியோவுலயும் பாரிஸ்லயும் ஓட்டினது அந்த 6 தான். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில 4 பிரிவுல வெள்ளி வாங்கின நேஹா தாக்கூர் பழகினது போபால் ஏரியில. கடலே இல்லாத ஊரு! (வேங்கிக்கால் ஏரியே, காதுல விழுந்துச்சா?)

சரி, மேட்டருக்கு வருவோம். அக்கா கையில இருந்தது சீட்டுப் பணம். இது போச்சுன்னா அடுத்த சீட்டு எடுக்க ரெண்டு வருஷம். அதுக்குள்ள பாப்பா பிளஸ் டூ முடிச்சிடுவா.

முதல் படகு பளபளன்னு இருந்துச்சு. புதுப் பெயின்ட், பிரிக்காத பாய். "இந்தப் பாய்க்கே பாதிக் காசு வந்துடும் சார்"னாரு விக்கிறவர். எனக்கு அந்தப் பெயின்ட்தான் உறுத்துச்சு. ஃபைபர்ல ஜெல்கோட்டுக்கு மேல ஒருத்தன் பெயின்ட் அடிக்கிறான்னா எதையோ மறைக்கிறான். அஞ்சு ரூபாய் காசை எடுத்துத் தட்டினேன். டங்கு டங்குன்னு வந்த சத்தம், உட்கார்ந்து வெளிய சாயற ஓரத்துல தப்பு தப்புன்னு மாறிடுச்சு. கட்டை விரல்ல அழுத்தினா அமுங்குது. உள்ள ஃபோம் விட்டுப்போச்சு. கொக்கித் தராசுல தூக்கினா 66 கிலோ. ஏழு கிலோ தண்ணியைச் சுமந்துகிட்டு எவன் ஜெயிப்பான்?

அதைவிட மோசம் மாஸ்ட் நிக்கிற குழி. அதுல தண்ணி ரொப்பிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தா விரற்கடை இறங்கியிருக்கு. அந்தத் தண்ணி போன இடம் படகு வயிறு. பலமான காத்துல மாஸ்ட் அந்த இடத்தைப் பேத்துகிட்டு வந்துடும், பாப்பா நடுத்தண்ணியில நிப்பா. அக்காவுக்கு இதைச் சொன்னதும் முகம் மாறிப்போச்சு. விக்கிறவர் "லேசாத்தானே சார்"னாரு. தொட்டின்னா நானும் லேசுன்னுதான் சொல்லுவேன், மேல ஒரு கோட்டிங் போட்டுக் குடுத்துடுவேன். இது அப்படியில்ல.

ரெண்டாவது படகு மஞ்சள் பூத்து, அடியெல்லாம் கீறல். பாய் துவைச்ச லுங்கி கணக்கா தொளதொளன்னு. பாப்பா மூஞ்சியைத் திருப்பிகிட்டா. தட்டினேன், மூக்குலேருந்து வால் வரைக்கும் ஒரே சத்தம். 60 கிலோ. வடிகால் ஓட்டை வழியா மெதுவா வாயால ஊதி, மேல்தட்டும் அடியும் ஒட்டுற விளிம்பு பூரா சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு முட்டை வரல. மாஸ்ட் குழியில ஊத்தின தண்ணி அப்படியே நின்னுச்சு. மாஸ்ட்டைத் தரையில உருட்டினப்போ மேல்துண்டு மட்டும் தத்தித் தத்தி உருண்டுச்சு. வளைஞ்சிருக்கு. அதைச் சொல்லியே விலையைக் குறைச்சோம்.

"மாமா, கீறல்?"னா பாப்பா.

"கீறலை நான் அடைச்சுத் தேய்ச்சுத் தர்றேன். ரிப்பேர் பண்ண விதியில இடம் இருக்கு, வடிவத்தைத்தான் மாத்தக் கூடாது. பாய் கிழிஞ்சா வேற வாங்கலாம். உடம்பு இத்துப்போனா என்னாலயே ஒண்ணும் பண்ண முடியாது."

மிச்சப் பணத்துல புது மேல்துண்டும் 4.7 பாயும் வந்துடுச்சு. புதுப் பாய் போட்டிக்கு மட்டும். பழகுறதுக்கு அந்த லுங்கிதான். காத்து ஏறினா அது தொப்பை போட்டுக்குது, எதிர்க்காத்துல மத்தப் படகுங்க முன்னாடி போயிடுதுங்கன்னு தினமும் போன்ல புலம்பல். அக்கா அடுத்த சீட்டு கட்ட ஆரம்பிச்சாச்சு.