சுனைக்குப் போகும் வழியில் ஒரு சித்திரச் சுவர்

லாஸ் வேகஸ் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வெளிறிய மலைகளும் சாம்பல் பூத்த புதர்களும்தான். சாலை ஒரு கணவாயில் இறங்கித் திரும்பியதும் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரை செக்கச்செவேலென்று பாறைகள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ‘வேலி ஆஃப் ஃபயர்’ பூங்கா இங்கே தொடங்குகிறது. அந்த மாநிலத்தின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இது. 1935-இல் முறையாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 46,000 ஏக்கர்.

வருகிறவர்களில் பலர் காரை விட்டு அதிக தூரம் போவதில்லை. சாலையோரத்திலேயே படம் எடுக்க வேண்டிய அளவு எடுத்துவிட முடிகிறது. ஆனால் இந்தப் பாலைவனம் பொத்தி வைத்திருப்பதெல்லாம் நடைபாதைகளில்தான் இருக்கிறது. அந்தப் பாதைகளும் நீளமானவை அல்ல. ‘மவுஸ் டேங்க்’ தடத்தில் போய்வர 1.2 கிலோமீட்டர், ‘ஃபயர் வேவ்’ தடத்துக்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. மலையேறிப் பழகியிருக்க வேண்டியதில்லை. நின்று நிதானித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இந்தச் செம்பாறைகள் ஒரு காலத்தில் காற்றில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகள். டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்தில், 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இங்கே ஒரு பெரும் மணல் பாலைவனம் இருந்தது. மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, இறுகி, கல்லாயின. புவியியலாளர்கள் இதை அஸ்டெக் மணற்கல் என்கிறார்கள். சிவப்பைக் கொடுத்தது மணல்துகள்களின் மேல் படிந்த இரும்புத் துரு. நிலத்தடி நீர் சில இடங்களில் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போய் வேறு இடங்களில் விட்டது. அதனால்தான் ஒரே பாறையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் வரிவரியாகத் தெரிகின்றன. பாறையின் பக்கவாட்டில் சாய்ந்தோடும் கோடுகளை உற்றுப் பார்த்தால், அன்றைக்குக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிய சரிவுகள் இன்னமும் புலப்படும்.

மவுஸ் டேங்க் தடம் இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே இளகிய மணலில் செல்கிறது. கால் உள்ளே அமிழ்வதால் வேகமாக நடக்க முடியாது. இந்த இடத்துக்கு அதுவே நல்லது. சில அடிகள் நடந்து தலையை உயர்த்தினால், சுவரின் கருத்த பரப்புகளில் உருவங்கள் தெரியத் தொடங்குகின்றன. வளைந்த கொம்புகளோடு காட்டுச் செம்மறிகள், கைகோத்து நிற்கும் மனிதர்கள், சுருள்கள், நெளிகோடுகள், எதைக் குறிக்கின்றன என்று சொல்ல முடியாத வடிவங்கள். முதலில் ஒன்று கண்ணில் படுகிறது. பிறகு அதன் பக்கத்தில் நான்கு. சிறிது நேரத்தில் சுவர் முழுவதும் நிறைந்திருப்பது தெரிகிறது.

இவை வண்ணம் தீட்டியவை அல்ல, கீறல்கள். பாலைவனத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்கும் பாறைமேல் களிமண் தூசும் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து ஒரு கருமையான படலம் உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே தடிமனுள்ள அந்தப் படலம் படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கடினமான கல்லால் அதைக் கொத்தி எடுத்தால் அடியிலுள்ள வெளிர்நிறம் வெளிப்படும். இங்கே சித்திரம் பிறந்த விதம் அதுதான். கொத்திய இடமும் காலப்போக்கில் மெல்லக் கருக்கிறது. ஒரே சுவரில் சில உருவங்கள் பளிச்சென்றும் சில மங்கியும் இருந்தால், அவை ஒரே காலத்தில் செய்யப்பட்டவை அல்ல என்று ஊகிக்க இந்த நிற வேறுபாடு உதவுகிறது.

தடம் முடியும் இடத்தில் பாறைக்குழியில் ஒரு சுனை. மழைநீர் வழிந்து வந்து இதில் தேங்கி, மாதக்கணக்கில் நிற்கக்கூடும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் நிலத்தில் இந்தக் குழி எவ்வளவு பெரிய செல்வம்! 1890-களில், கொலைக் குற்றம் சாட்டித் தேடப்பட்ட தெற்குப் பையூட் என்ற பழங்குடி இனத்தவர் ஒருவர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்ததாகச் சொல்கிறார்கள். ‘மவுஸ்’ என்று வெள்ளையர் அழைத்த அவரது பெயரே சுனைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் சுனையை அறிந்தவர்கள் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து போயிருக்கிறார்கள். தண்ணீருக்குப் போகும் வழியில் இத்தனை கீறல்கள் அமைந்தது தற்செயல் என்று நம்பவே முடியவில்லை. சுனைவரை நடந்தவருக்குத்தான் இந்தச் சுவர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

பூங்காவின் மேற்குப் பக்கம் ‘அட்லாட்டில் ராக்’. செங்குத்தான பாறையில் சாத்திய இரும்புப் படிகளில் ஏறினால், உயரத்தில் ஒரு சித்திரத் தொகுதி. அதில் தனித்துத் தெரிவது அட்லாட்டில் எனப்படும் ஈட்டி எறிகோல். கொக்கி முனையுள்ள இந்தக் கோலில் ஈட்டியின் பின்நுனியைப் பொருத்தி வீசினால், வீசுபவரின் கை அவ்வளவுக்கு நீண்டதுபோல் ஆகிறது. கவண் கல்லை விரைவாக்குவது போலக் கோல் ஈட்டியை விரைவாக்குகிறது. இந்த வட்டாரத்தில் கி.பி. 500 வாக்கில் வில்லும் அம்பும் பரவியதும் எறிகோல் மெல்ல வழக்கொழிந்தது. ஆகவே இதைக் கொத்திய கை 1,500 ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. வேட்டைக் கருவி ஒன்றே சித்திரத்தின் வயதைக் கணிக்க ஆதாரமாகிவிடுகிறது.

இவற்றைச் செய்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நிரந்தரமாகக் குடியிருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவுக்குப் போதாது. வேட்டைக்கும் உணவு சேகரிக்கவும் சடங்குகளுக்கும் வந்து போனார்கள். அருகில் ஓடும் ‘மடி’ என்ற ஆற்றின் கரையில் மூதாதைப் பியூப்ளோ மக்களின் ஊர்கள் இருந்தன. சோளம், அவரை, பூசணி, பருத்தி ஆகியவற்றை அங்கே பயிரிட்டார்கள். கி.பி. 1150 வாக்கில் அவ்வூர்கள் கைவிடப்பட்டன. 1924-இல் எம். ஆர். ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் அவற்றை அகழத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் ஹூவர் அணை எழும்பியதும் மீட் ஏரி நீர் அந்த ஊர்களில் பலவற்றை மூழ்கடித்தது. தப்பிய பொருள்கள் ஓவர்டன் ஊரின் ‘லாஸ்ட் சிட்டி’ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூங்காவுக்குப் போகிறவர் அதையும் பார்த்தால்தான் பயணம் முழுமையாகும். பையூட் மக்கள் இன்றும் அருகே மொவாப்பா ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்கிறார்கள். இந்தச் செம்பாறைகள் அவர்களின் மூதாதையர் மண்.

வடக்கே போகப் போக நிறங்கள் கூடுகின்றன. ‘ஃபயர் வேவ்’ தடத்தின் முடிவில் வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி ஓடும் பாறைவெளி. பிற்பகல் வெயில் சாயும்போது அந்த வரிகள் துலங்கும். ‘வொயிட் டோம்ஸ்’ சுற்றுத்தடம் ஒரு குறுகிய பிளவுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. இருபுறமும் கை நீட்டினால் தொடலாம்போல அவ்வளவு நெருக்கம். வழியில் நிற்கும் கற்சுவர், 1966-இல் வெளியான ‘தி புரொஃபஷனல்ஸ்’ படத்துக்காகக் கட்டிய அரங்கத்தின் மிச்சம்.

அதிகாலையில் நடப்பவருக்கு இன்னொரு பேறும் வாய்க்கலாம். சுவரில் கீறப்பட்ட அதே காட்டுச் செம்மறி, உயிரோடு, பாறை விளிம்பில் நின்று கீழே பார்க்கும்.

ஆனால் கோடையில் இங்கே வரக் கூடாது. வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். சில நாள்களில் 49-ஐ நெருங்கும். செம்பாறையும் மணலும் அந்தச் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கின்றன. அதனால் அந்த மாதங்களில் பல தடங்களைப் பூங்கா நிர்வாகமே மூடிவிடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். அப்போதும் நிழல் கிடைக்காது. ஆளுக்குப் போதிய தண்ணீர், தொப்பி, மணலில் புதைந்தாலும் கழலாத காலணி ஆகிய மூன்றும் கட்டாயம்.

லாஸ் வேகஸுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பகலை இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகளை மவுஸ் டேங்க் தடத்தில் நடத்திக் கூட்டிப்போய், யார் அதிக உருவங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்: எதையும் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை அந்தப் படலத்தைப் பாதிக்கும். சித்திரத்தின் பக்கத்தில் ஒருவர் தம் பெயரைக் கீறிவிட்டால், அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. கருமை திரும்பப் படிய இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.