கணக்கு நோட்டில் தூக்கம்

பால், மளிகை, பேப்பர், மின்சாரம் என்று மாதக் கணக்கு எழுதும் வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் உண்டு. என் நோட்டில் மட்டும் ஓரத்தில் ஒரு கட்டம் அதிகம். அதற்குத் தலைப்பு 'தூக்கம்'. என் கணவர் முதல் நாள் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று அதில் குறித்து வைக்கிறேன். தூக்கத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் நிரம்ப உண்டு.

அவருக்கு இருக்கும் வியாதிக்கு 'பைபோலார்' என்று பெயர். இருமுனைக் கோளாறு என்றும் சொல்வார்கள். சில வாரம் மனசு ஆகாயத்தில் பறக்கும். சில மாதம் பாதாளத்தில் கிடக்கும். நடுவில் நீண்ட காலம், உங்கள் வீட்டுக்காரரைப் போலவே, காப்பி ஆறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பார். பறக்கும் காலத்துக்கு முதல் அடையாளம் தூக்கம் குறைவது. மூன்றே மணி நேரம் தூங்கி எழுந்து, களைப்பே இல்லாமல் பாடத் தொடங்குவார். அப்புறம் பர்ஸ் திறக்கும்.

2019-ல் ஒரே வாரம். என் நாத்தனார்கள் மூவருக்கும் ஆளுக்கொரு மிக்ஸி. கண்ணால் பார்த்திராத மனைக்கு ஐம்பதாயிரம் முன்பணம். ஆட்டோக்காரர் மகளுக்குக் காலேஜ் பீஸ். எல்லாம் நல்ல காரியந்தான், அதுவே சங்கடம். குடித்துத் தொலைத்தார் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். ஊரே தாராள மனசு என்று மெச்சும்போது பெண்டாட்டி வாயைத் திறந்தால் அவள்தான் கருமி!

பாதாள காலத்திலும் பணம் போகும் என்பது பலருக்குத் தெரியாது. பாங்கியில் பணம் இருக்கும். மின்சாரக் கட்டணம் கட்டியிருக்க மாட்டார். இன்ஷ்யூரன்ஸ் கடிதம் உறை பிரிக்காமல் கிடக்கும். அதைத் தொடவே அவருக்குப் பயம். இப்போது அந்தத் தொகைகள் பாங்கியிலிருந்து தாமாகவே போய்விடுகின்றன.

"கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்" என்று உறவினர் உபதேசம் செய்தார்கள். நான் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் சம்பாதித்தவர் பஸ் சார்ஜுக்கு என் முகத்தைப் பார்த்து நிற்பதா? அதற்கு அந்த மனை முன்பணமே தேவலை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று 2017-ல் இயற்றப்பட்டு, 2018-ல் அமலுக்கு வந்தது. நோய் மிகும்போது தமக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தமக்காக யார் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க அதில் வழி உண்டு. அது சிகிச்சைக்குத்தான், பணத்துக்கு அல்ல. பணத்துக்கு நாங்களே ஒரு காகிதம் எழுதிக்கொண்டோம். சௌக்கியமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கையெழுத்திலேயே.

மூன்று இரவு தொடர்ந்து நாலு மணிக்குக் குறைவாகத் தூங்கினால் கார்டை என்னிடம் தருவார். செல்போனில் பணம் அனுப்பும் வசதியையும் நிறுத்திவிடுவார். கார்டின் உச்சவரம்பை நாமே குறைத்துக்கொள்ளவும் நிறுத்தி வைக்கவும் 2020 முதல் ரிசர்வ் பாங்கி வழி செய்திருக்கிறது. சேமிப்பிலிருந்து எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சாமான் என்றால் இரண்டு இரவு கழித்துத்தான் வாங்குவது. இந்த விதி எனக்கும் உண்டு! மருந்தில் மட்டும் சிக்கனம் கிடையாது. அவர் சாப்பிடுவது லிதியம். அதற்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். அளவு ஏறினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. அந்தச் செலவு நோட்டில் அரிசிக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

வாரம் இரண்டாயிரம் அவர் கைச்செலவுக்கு. அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது.

கடைசி நிபந்தனை எனக்காக அவர் எழுதியது: "நான் சிரித்தால் உடனே நோட்டைப் புரட்டாதே." படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அவருடைய ஒவ்வொரு சந்தோஷத்தையும் சந்தேகத்தோடு பார்த்து எத்தனை வருஷம் கழித்திருக்கிறோம், இரண்டு பேரும்! சிரிப்பு வேறு, தூக்கமின்மை வேறு. கட்டத்தில் ஏழு மணி என்று இருந்தால் அவரோடு சேர்ந்து நானும் சிரித்துவிடுகிறேன்.

காகிதம் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. சென்ற வருஷம் இரண்டு தடவை கார்டைக் கொடுத்தார். ஒரு தடவை கோபித்துக்கொண்டுதான். போன மாதம் விலைவாசியைக் காரணம் காட்டி, ஐயாயிரத்தை எட்டாயிரம் ஆக்க வேண்டும் என்று மனுப் போட்டார். நோட்டைப் பார்த்தேன். இருபது நாளாக ஏழு, ஏழரை. பேரம் பேசி ஆறாயிரத்தில் முடித்தோம்.