சின்னம்மாவின் தனிப் பாய்

கோரமண்டல் என்றால் இங்கே மெல்போர்ன் தமிழ் நண்பர்கள் எக்ஸ்பிரஸ் ரயிலா, உரக் கம்பெனியா என்று கேட்கிறார்கள். கோலார் தங்கவயலில் ஒரு பகுதிங்க. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் அந்தப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கே லைன் வீட்டில் வளர்ந்தவள் நான்.

லைன் வீட்டில் ரகசியம் ஏது? பக்கத்து வீட்டுத் தாளிப்புக்கு நாம் தும்முவோம். சின்னம்மாவின் விஷயமும் அப்படித்தான் எல்லாருக்கும் தெரிந்தது. முதல் பிரசவம், இரண்டு நாள் வலி, குழந்தை தங்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்குச் சிறுநீர் நிற்காமல் ஒழுகியது. தனிப் பாய், தனி மூலை. விடியுமுன் குழாயடிக்குப் போய்த் துணி அலசிவிட்டு வந்துவிடுவாள். சித்தப்பா ஊருக்குப் போனவர் திரும்பவேயில்லை. போன ஜென்மத்துப் பாவம் என்றாள் பாட்டி. நானும் அவள் மடியில் உட்கார மாட்டேன் என்று அழுதிருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது.

நர்ஸாகி ஆபரேஷன் தியேட்டரில் நின்ற பிறகுதான் புரிந்தது. குழந்தையின் தலை வெளியே வர முடியாமல் மணிக்கணக்கில் எலும்போடு வைத்து அழுத்தும்போது, நடுவில் மாட்டிய மூத்திரப்பைக்கு ரத்த ஓட்டம் நின்று, சதை செத்து, சில நாளில் ஓட்டை விழுகிறது. பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. நேரத்தோடு சிசேரியன் செய்திருந்தால் வந்தே இருக்காது. வந்த பிறகும் தைத்து மூடலாம். இந்த ஊர்க்காரரான டாக்டர் கேதரின் ஹாம்லின் கணவரோடு சேர்ந்து 1974-ல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஆஸ்பத்திரி கட்டினார். அவ்வளவு தூரம் எதற்கு, நமக்கு வேலூர் பக்கம்தானே? யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. 2001-ல் சுரங்கத்தை மூடிய மறு வருஷம் சின்னம்மா போய்விட்டாள், அதே மூலையில்.

போன வருஷம் பெரியம்மா மகள் போன் செய்தாள். கர்ப்பப்பை எடுத்து இரண்டு வாரமாகியிருந்தது.

"தண்ணி மாதிரி போவுதுடி. வெள்ளைப்படுதல்தான்னு அனுப்பிட்டாங்க. மாமாகிட்டகூட சொல்லல."

"பாத்ரூம் போறப்ப எப்பவும் போல வருதாக்கா?"

"வருது. இதுவும் ஒழுவுது. முதுகு வேற வலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியிலேயே ஓடுகிறது. ரத்தத்தை நிறுத்தப் போடும் கட்டு தவறி அதன்மேல் விழலாம், நல்ல டாக்டர் கையிலும். ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கத்துச் சிறுநீர் பைக்கு வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இரண்டும்.

"நாளைக்கே யூராலஜிஸ்ட்டைப் பாரு. மாமாகிட்ட நான் பேசறேன்" என்றேன். பைக்குள் நீலச் சாயம் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே வைத்த பஞ்சு நனைந்தது, ஆனால் நீலமாகவில்லை. பையில் ஓட்டையில்லை, குழாயில்தான். ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. குழாயைப் பையோடு திரும்பப் பொருத்தித் தைத்தார்கள்.

நாலு மாசம் கழித்து மறுபடி போன்.

"நேத்து ட்ரெயின்ல பெங்களூர் போயிட்டு வந்தேன்டி. செம கூட்டம். ரெண்டு பேருக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு உட்கார்ந்தே போனேன்."