படிகள் தந்த பாடம்

திண்டுக்கல் என்றாலே பூட்டும் மலைக்கோட்டையும்தான் நினைவுக்கு வரும். மதுரை நாயக்கர் 1605ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய அக்கோட்டையின் படிகளே இவ்வாண்டு எனக்கு ஆசானாயின.

அறிவியல் கண்காட்சிக்காக ஒரு கணினி நிரல் எழுத முற்பட்டேன். ஓர் அடிக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால், உச்சியை அடைய எத்தனை வழிகள்? மூன்று படிக்கு மூன்று வழி. நான்கு படிக்கு ஐந்து. ஐந்து படிக்கு எட்டு. முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டினால் அடுத்த விடை! 12ஆம் நூற்றாண்டிலேயே சமண அறிஞர் ஹேமசந்திரர், செய்யுளின் குறில் நெடில் அடுக்குகளை எண்ணும்போது இவ்வெண்களைக் கண்டார் என்று எங்கள் ஆசிரியை கூறக் கேட்டு வியந்தேன்.

தன்னைத் தானே அழைக்கும் தற்சுழற்சி முறையில், பைத்தான் மொழியில் நான்கே வரிகளில் நிரலை முடித்தேன். பத்துப் படிக்கு உடனே விடை வந்தது. நாற்பது படி என்றதும் கணினி மௌனமாகிவிட்டது. மறுநாள் கண்காட்சி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதிக்கொண்டிருந்த அம்மா, "என்னடி ஆச்சு?" என்றார்.

"உனக்குப் புரியாதும்மா" என்று சுருக்கென்று சொல்லிவிட்டேன்.

அம்மா கோபிக்கவில்லை. "சொல்லித்தான் பாரேன்" என்றார். தாளில் வரைந்து காட்டினேன். நாற்பதின் விடைக்கு முப்பத்தொன்பதும் முப்பத்தெட்டும் வேண்டும். முப்பத்தொன்பதுக்கு மறுபடியும் முப்பத்தெட்டு வேண்டும்.

"போட்ட கணக்கையே ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறது? முன் இருப்பை எழுதி வைக்காவிட்டால் நானும் மாதாமாதம் முதலிலிருந்தல்லவா கூட்ட வேண்டும்?" என்றார்.

திகைத்துப் போனேன். நாற்பது படிக்கு என் செயற்கூறு 20,46,68,309 முறை அழைக்கப்பட வேண்டியிருந்தது! கண்ட விடைகளைக் குறித்து வைக்கச் செய்தேன். 38 கூட்டல்களில் விடை வந்தது.

ஆசை விடவில்லை. காலையில் பள்ளியில் 2000 படிகள் கொடுத்தேன். ஆழம் மிஞ்சிவிட்டதென்று நிரல் நின்றது. ஏறக்குறைய 1000 அழைப்புகள் ஒன்றினுள் ஒன்றாகச் சென்றால் பைத்தான் தடுத்துவிடுமாம். ஆசிரியை விளக்கினார்: "ஒவ்வோர் அழைப்பும் அடுத்ததன் விடை வரும்வரை நினைவகத்தில் இடம்பிடித்துக் காத்து நிற்கும். எல்லையை உயர்த்தலாம், இடம் தீர்ந்தால் நிரலே விழுந்துவிடும். உச்சியிலிருந்து கேட்டுக்கொண்டு இறங்காதே, அடிப்படியிலிருந்து ஏறு."

அவ்வாறே முதற்படியில் தொடங்கி, கடைசி இரண்டு விடைகளை மட்டும் கையில் வைத்துக் கூட்டிக்கொண்டே ஏறும்படி மாற்றினேன். 2000 படிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன.

மாலையில் பெற்றோர் வந்தனர். என் மேசையருகே நின்ற அம்மாவைக் காட்டி, "இதன் பிழையைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்றேன். அம்மா நாணத்துடன் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அதுவாகவே அமைந்தது.

தோழியரே, 'உனக்குப் புரியாது' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நம் கணக்கின் முன் இருப்பு அவர்களிடம் இருக்கக்கூடும்.

— மேல்நிலை இரண்டாமாண்டு மாணவி