ஊர் பார்க்கும் பயணம்

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்த என் மூத்த மகன், பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் அமர்ந்திருந்த வேளையில் ஒரு திட்டத்தை எடுத்து வைத்தான். "வாப்பா, நாம எல்லாரும் கப்பல்ல இலங்கைக்குப் போய்ட்டு வருவோம்" என்றான். 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்ட செய்தியைப் படித்த நாள் முதல் அவனுக்கு இந்த எண்ணமாம். ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் கீழ்க்கரை அமைதியாக இருக்கும் என்பது நம் கரையோர மரக்கலக்காரர்கள் என்றோ அறிந்திருந்த கணக்கு.

கப்பல் என்றதும் என் நினைவு வேறிடம் சென்றது. என் வாப்பா பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தவர்கள். 1970களின் இறுதியில் நாகப்பட்டினக் கரையில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கரை ஆழமில்லாததால் 'சிதம்பரம்' கப்பல் தொலைவிலேயே நங்கூரமிட்டிருக்கும். பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வார்கள். ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, ஊறுகாய் ஜாடி. கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே அவர்கள் வங்கக்கடலைக் கடந்தார்கள். 1985இல் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அந்தப் பயணமும் அத்துடன் நின்றுபோயிற்று.

இப்போது என் மகன் காட்டும் படங்களில் நீச்சல் குளம் இருக்கிறது. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் வைத்த அறை, பால்கனி வைத்த அறை என்று விலைக்கு விலை அறைகள். மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் உண்டு. "நாம அந்தப் பக்கம் போகலைன்னா சரிதானே வாப்பா?" என்றான். உணவைப் பற்றி எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கு என்று மட்டும் சொன்னேன். உம்மாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். ஆதார் அட்டையில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறோர் எழுத்து. அந்த அலைச்சலை விரித்தால் தனிக் கட்டுரையாகும்.

தொழுகையின் பொறுப்பு என்னுடையது. கப்பல் தெற்கு நோக்கிச் செல்லும்போது கிப்லா வலக்கைப் பக்கம். திரும்பி வருகையில் இடக்கைப் பக்கம். தொழுதுகொண்டிருக்கும்போதே கப்பல் திரும்பினால் நாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். நின்றால் தலைசுற்றும் என்று அஞ்சுபவர் உட்கார்ந்து தொழலாம். உம்மாவுக்கு இது பயன்படும் என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது கஸ்ரு. இரண்டு மர்ஹலா தூரத்தைப் பற்றி ஐயமே இல்லை. ஆயினும் நினைவை நம்பாமல் பொன்னானி செய்னுத்தீன் மக்தூம் அவர்களின் 'ஃபத்ஹுல் முயீ'னை எடுத்துப் புரட்டினேன்.

கஸ்ருச் சலுகை இல்லாத பயணிகளை அந்தக் கிதாபு ஒரே மூச்சில் அடுக்கிச் செல்கிறது. வெறுமனே ஊர்களைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டவன் அதில் ஒருவன். என்னைச் சுட்டுவது போலிருந்தது, சற்றுச் சிரித்தேன். அவனுக்குச் சற்று முன்னால் வேறொருவன் நின்றான்: தவணை முடிந்த கடனை அடைக்க வசதியிருந்தும், கொடுத்தவரின் அனுமதியின்றிப் பயணம் போகிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த இடம் அது. அன்றுதான் அதில் என் பெயரை வாசித்தேன்.

2019இல் மகளின் நிக்காஹுக்காக எங்கள் தெருவின் மளிகைக்கடைக் காக்காவிடம் 60,000 ரூபாய் வாங்கியிருந்தேன். ஓராண்டுத் தவணை. 20,000 கொடுத்தேன், பிறகு கொரோனா வந்தது. அவர் கேட்கவில்லை, நான் பேசவில்லை. பேசாத கடன் காலப்போக்கில் அன்பளிப்பைப் போல உருமாறிவிடுகிறது, வாங்கியவன் மனத்தில் மட்டும். அஞ்சலகக் கணக்கில் என் பெயரில் 52,000 இருந்தது. டிக்கெட் மகனுடையது, கைச்செலவு என்னுடையது என்று அதைத்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பின் கடைக்குச் சென்று விஷயத்தைச் சொன்னேன். "போய்ட்டு வாங்க ஆலிம்சா, இதுக்கா அனுமதி கேக்குறீங்க?" என்று அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மார்க்கச் சட்டப்படி காரியம் முடிந்துவிட்டது. நானும் எழுந்தேன். அப்போதுதான் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவராக இருந்தது. நாள்தோறும் சர்க்கரையும் தேயிலையும் வாங்கிச் செல்கிற கடை. எத்தனை நாளாக அப்படியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை 40,000 எடுத்துச் சென்று கொடுத்தேன். மரியாதைக்காக எண்ணாமல் வாங்கிப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு முறை எண்ணினார். எண்ணி முடித்ததும் பையனைக் கூப்பிட்டு, அரிசி மண்டிக்குப் போய் வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு வா என்றார்.

அவ்வாண்டுப் பயணத்தைத் தள்ளிவைத்தோம். மகனுக்கு வருத்தம்தான். தன் பணத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான், நான் ஒப்பவில்லை. உம்மாவிடம் சொல்லத்தான் தயங்கினேன். எண்பதை நெருங்குகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு என்று எப்படிச் சொல்வது? அவர்களோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க படுத்துப் போன எடம் எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னுதான் நெனச்சேன்" என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் கப்பலைப் பற்றி உம்மா பேசி நான் கேட்டதில்லை. இது வெறுமனே ஊர் பார்க்கும் வகையா, வேறு வகையா என்று நான் கிதாபைப் புரட்டவில்லை.

கடவுச்சீட்டு வந்துவிட்டது. வாப்பாவின் தகரப்பெட்டியில் உம்மா அதை வைத்திருக்கிறார்கள். செலவைக் குறைக்க ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும் என்று மகனிடம் நான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து குரல் வந்தது. உம்மாவுக்கு ஜன்னல் வேண்டுமாம்.